கைக்கு வராத இருவர்: ரெட்ரோமேனியா ரெஸ்லிங்கை ஏன் சிலர் கொண்டாடினார்கள், ஏன் சிலர் கோபித்தார்கள்

பாளையங்கோட்டையில் நான் எட்டாம் வகுப்பு படித்த நாட்களில் போய் நின்ற வீடியோ கேம் கடையில் ஒரு ரெஸ்லிங் எந்திரம் இருந்தது. அதில் பத்துப் பேரில் யாரை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஹல்க் ஹோகன், அல்டிமேட் வாரியர், ஜேக் ராபர்ட்ஸ், பிக் பாஸ் மேன், எர்த்க்வேக், மிஸ்டர் பெர்ஃபெக்ட், டெட் டிபியாசி, சார்ஜென்ட் ஸ்லாட்டர், ஸ்மாஷ், கிரஷ். இவர்களில் இருவரைச் சோடி சேர்த்து, வருகிற சோடியை எல்லாம் அடித்து வீழ்த்திக்கொண்டே போனால், முகத்தில் சாயமும் தோளில் முள்ளுமாக இரண்டு பேர் வருவார்கள். ஹாக், அனிமல். லீஜன் ஆஃப் டூம் என்ற பட்டத்துச் சோடி. அந்த இரண்டு பேரை மட்டும் நாம் எடுத்து ஆட முடியாது. எந்திரம் தனக்கென்று வைத்துக்கொண்ட ஆட்கள் அவர்கள். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அவர்களிடம் அடிவாங்கத்தான் முடியும்.

அந்த ஆட்டத்தின் பெயர் ரெஸல்ஃபெஸ்ட். ஜப்பானைச் சேர்ந்த டெக்னோஸ் நிறுவனம் 1991ல் செய்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2021ல், அதன் அதிகாரபூர்வத் தொடர்ச்சி என்ற அறிவிப்போடு ஓர் ஆட்டம் வந்தது: ரெட்ரோமேனியா ரெஸ்லிங். செய்தது ரெட்ரோசாஃப்ட் ஸ்டூடியோஸ் என்னும் சிறிய அமெரிக்கக் குழு. அதில் ஹாக்கையும் அனிமலையும் எடுத்து ஆடலாம். இந்த ஒரு வரியைப் படித்ததும் கண் கலங்கியவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் ஆட்டம் கைக்கு வந்தபின் வரவேற்பு இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவுக்குக் காரணம் இந்த ஆட்டத்தை விட மிகப் பழையது என்பது என் எண்ணம். அது நாங்கள் கொடுத்த ஒரு ரூபாயில் இருக்கிறது.

முதலில் டெக்னோஸைப் பற்றி. தெருச்சண்டை ஆட்டங்களுக்கு அச்சாக அமைந்த டபுள் டிராகன் (1987) இவர்களுடையதுதான். ரெஸ்லிங்கிலும் இவர்கள் மூத்தவர்கள். 1983லேயே டேக் டீம் ரெஸ்லிங், 1985ல் மேட் மேனியா, 1989ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியின் பெயரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சூப்பர்ஸ்டார்ஸ், அதன் பிறகு ரெஸல்ஃபெஸ்ட். படிப்படியாக உருவங்கள் பெரிதாகின, தசைகளில் நிழல் ஏறியது. ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டே பொத்தான். கட்டிப்பிடித்ததும் இரண்டு பேரும் பொத்தானைப் படபடவென்று அடிக்க வேண்டும், யார் கை வேகமோ அவர் பிடி விழும். இதற்கு விளக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. வரிசையில் நின்று இரண்டு ஆட்டம் பார்த்தால் போதும்.

இதெல்லாம் ஜப்பானிலிருந்து பாளையங்கோட்டைக்கு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1985ல் ஜப்பானிய ஆட்ட எந்திரத் தயாரிப்பாளர்களின் சங்கம் ஒயர் இணைப்புக்கு ஒரு பொது அளவு வகுத்தது. ஜாமா என்று அதற்குப் பெயர். ஒரே மரப்பெட்டியில் பழைய போர்டைக் கழற்றிப் புதிய போர்டைச் செருகினால் வேறு ஆட்டம் ஆகிவிடும். எங்கள் கடையில் நேற்றுவரை விமானம் சுட்டுக்கொண்டிருந்த பெட்டி மறுநாள் காலையில் ரெஸ்லிங் பெட்டியாக மாறியது இப்படித்தான். அந்தப் பொது அளவில் இரண்டு பேருக்குத்தான் கைப்பிடி இணைப்பு இருந்தது. ரெஸல்ஃபெஸ்ட் நாலு பேர் ஒன்றாக நின்று ஆடும் எந்திரமாகவும் விற்கப்பட்டது என்பதே எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். பலர் ஒரே நேரத்தில் ரிங்குக்குள் மோதும் ராயல் ரம்பிள் போட்டியில் நாலு பேர் தோளோடு தோள் இடித்து ஆடுவதை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு இரண்டு பேர் ஆட்டம், மீதிப் பேர் முதுகுக்குப் பின்னால்.

கடை அண்ணாச்சியிடம் ஒரு ரூபாய் கொடுத்தால் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு கிரெடிட் ஏற்றுவார். ஆட்டம் நடக்கும்போதே வீரனின் சக்தி குறைந்தால், இன்னொரு காசுக்குக் கொஞ்சம் சக்தியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆர்கேட் ஆட்டம், அதாவது கடையில் காசுக்கு ஆடும் எந்திர ஆட்டம் என்பதன் உயிர்நாடி இங்கே இருக்கிறது. எந்திரம் உங்களைச் சில நிமிடங்களில் வெளியே தள்ள வேண்டும், ஆனால் தள்ளப்பட்டவன் மறுபடி வரிசையில் நிற்க ஆசைப்பட வேண்டும். அதனால் ஆட்டம் குறுகியது, சத்தம் பெரியது, ஆட்கள் கொஞ்சம், ஒவ்வொரு ஆளும் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறவன். பத்தே வீரர்கள், இரண்டே வகைப் போட்டி. அது குறை என்று அன்று யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் அந்தப் பத்துப் பேரையும் ஆடித் தீர்க்கக் கையில் காசு இருந்ததில்லை. பற்றாக்குறைதான் அந்த ஆட்டத்தைப் பெரியதாக்கிக் காட்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்துப் பேரை நாங்கள் டிவியில் பார்த்து அறிந்ததை விடச் சீட்டில் பார்த்து அறிந்ததே அதிகம். உயரம், எடை, மார்பளவு என்று அச்சடித்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டுக் கட்டு பள்ளிக்கூடப் பைகளில் சுற்றிக்கொண்டிருந்த காலம். எடை என்று கேட்டால் எர்த்க்வேக் வைத்திருந்தவனுக்குத் தைரியம். கேபிள் டிவி வந்து இந்த ஆட்கள் அசைவதைப் பார்ப்பதற்குள் அவர்களில் பாதிப் பேர் அந்தக் கம்பெனியை விட்டே போயிருந்தார்கள். ஆக, எங்களுக்கு முதன்முதலில் பிக் பாஸ் மேன் கையை ஓங்கியது அந்த எந்திரத்தின் திரையில்தான். ரெஸல்ஃபெஸ்ட் மேல் இந்தத் தலைமுறை வைத்திருக்கும் பாசத்தை அமெரிக்கப் பாசத்தின் நகல் என்று சொல்லிவிட முடியாது. அங்கே டிவி முதலில், ஆட்டம் பிறகு. இங்கே சீட்டு முதலில், ஆட்டம் இரண்டாவது, டிவி கடைசி.

டெக்னோஸ் 1996ல் மூழ்கியது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். 2002ல் உலக வனவிலங்கு நிதியத்தோடு நடந்த வழக்கின் பயனாக டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. ரெஸ்லிங் ஆட்டங்கள் வீட்டு எந்திரங்களுக்குக் குடிபோயின. 2003ல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஹியர் கம்ஸ் தி பெயின் எங்கள் ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடப்பட்டது. வண்ணார்பேட்டைப் பக்கம் கல்லூரி விட்டதும் பையன்கள் அதற்காகவே ஓடினார்கள். அதில் நம் முகத்தையே செய்து ரிங்குக்குள் இறக்கலாம். மேடை, வாகன நிறுத்துமிடம் என்று எங்கும் போய்ச் சண்டை போடலாம். ஆட்டக்காரர்களின் எதிர்பார்ப்பு அங்கே மாறியது. ரெஸ்லிங் ஆட்டம் என்றால் நூறு ஆட்கள், நூறு போட்டி வகை, சொந்தமாக ஆள் செய்யும் வசதி என்று ஆயிற்று.

அந்தப் பாதை 2019 அக்டோபரில் முட்டுச்சந்தில் போய் நின்றது. அவ்வாண்டின் டபிள்யூ.டபிள்யூ.இ. டூகே20 பிழைகளோடு வந்தது. முடி பறந்தது, முகம் கோணியது, உடல் கயிற்றுக்குள் புகுந்து சிக்கியது. 2020 ஜனவரி 1 அன்று ஆட்டம் திறக்கவே மறுத்தது, எந்திரத்தின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தவர்களுக்குத்தான் திறந்தது. அடுத்த ஆண்டுக்கான ஆட்டமே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பெரிய ஆட்டம் 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட வெற்றிடத்தில் ரெட்ரோமேனியா வெளிவந்தது. பழைய ஆட்டத்தின் மேல் இருந்த ஏக்கம் மட்டும் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. புதிய ஆட்டத்தின் மேல் இருந்த மனவருத்தமும் சேர்ந்து நிறுத்தியது.

ரெட்ரோமேனியாவின் திரைக்காட்சிப் படங்கள் வந்தபோது எல்லாரும் வியந்தார்கள். அந்த வியப்புக்கு முழுத் தகுதி உண்டு. பிக்ஸல் உருவம், அதாவது புள்ளி புள்ளியாக அமைக்கும் உருவம் வரைவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு வீரன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கிப் போடும் ஒரே ஒரு பிடிக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தூக்குகிறவன் தனி, தூக்கப்படுகிறவன் தனி. ஒல்லியான ஆளைத் தூக்கும்போதும் குண்டான ஆளைத் தூக்கும்போதும் கை பொருந்த வேண்டும். முப்பரிமாண ஆட்டத்தில் ஓர் எலும்புச்சட்டத்தை அசைத்து எல்லா உடம்புக்கும் பொருத்திவிடுவார்கள். இங்கே ஒவ்வொன்றும் கைவேலை. ஆட்களைக் கூட்டுவது இதனால்தான் கடினம், சொந்தமாக ஆள் செய்யும் வசதியைக் கொடுப்பது அதைவிடக் கடினம். வெளிவந்தபோது ரெட்ரோமேனியாவில் பதினாறு வீரர்கள்தான் இருந்தார்கள். சொந்த ஆள் செய்யும் வசதி இல்லை. இது சோம்பலால் வந்தது என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆனால் பிக்ஸலுக்கும் ஓர் இழப்பு உண்டு. பழைய பெட்டி டிவியின் கண்ணாடியில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு கசிந்து கலக்கும். அந்தக் காலத்து ஆட்ட ஓவியங்கள் அந்தக் கசிவோடுதான் திரையில் தெரிந்தன. அதனால்தான் ஹோகனின் தோள் உருண்டையாகத் தெரிந்தது. இன்றைய தட்டை டிவியில் ஒவ்வொரு புள்ளியும் சதுரம் சதுரமாக, கூர்மையாக நிற்கிறது. நம் நினைவில் இருக்கும் ரெஸல்ஃபெஸ்ட் உண்மையான ரெஸல்ஃபெஸ்டை விட மென்மையானது. அந்த நினைவோடுதான் புதிய ஆட்டம் போட்டி போட வேண்டியிருந்தது.

இனி ஆட்கள். டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர்களின் ஆட்ட உரிமை, டூகே20ஐ வெளியிட்ட டூகே நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே ஹோகனும் வாரியரும் வர வழியில்லை. டாமி டிரீமர், புளூ மீனி, ஸ்டீவி ரிச்சர்ட்ஸ், நிக்கிட்டா கோலாஃப், ஆஸ்டின் ஐடல், நிக் ஆல்டிஸ், ஜெஃப் காப், கோல்ட் கபானா, சாக் சேபர் ஜூனியர் போன்றவர்கள் வந்தார்கள். அமெரிக்க ரசிகர்களில் பலர் இதை மரியாதையாக வரவேற்றார்கள். கம்பெனிக்கு வெளியே ஊர் ஊராகச் சின்னக் கூடங்களில் ஆடும் வீரர்களுக்குக் கிடைத்த கௌரவம் அது. எங்கள் பக்கம் அந்தப் பெயர்கள் போய்ச் சேரவில்லை. நிக்கிட்டா கோலாஃப் அமெரிக்காவின் தென்பகுதியில் 1980களில் அரங்குகளை நிரப்பியவர். அந்த நிகழ்ச்சிகள் நம் கேபிளில் வந்ததே இல்லை. சீட்டுக்கட்டிலும் அவர் இல்லை. என் தம்பி மகன் ஆட்களின் பட்டியலை இடமிருந்து வலம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, ஒருத்தரக்கூடத் தெரியலையே, ரோமன் ரெய்ன்ஸ் எங்க?" என்று கேட்டான். அவன் அறிந்த டபிள்யூ.டபிள்யூ.இ. நட்சத்திரம் அவர். நியாயமான கேள்வி.

ஆட்கள் தெரியாததை விடப் பெரிய சண்டை பொத்தானைப் பற்றி. ரெட்ரோமேனியா தோற்றத்தில் ரெஸல்ஃபெஸ்ட்டைப் பின்பற்றியது. ஆனால் பிடியில் அது வேறு வழி போனது. படபடவென்று அடித்தால் பலிக்காது. இருவரும் கட்டிப்பிடிக்கும் தருணத்தைப் பார்த்து, சரியான நொடியில் ஒரே ஒருமுறை அழுத்த வேண்டும். முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. 1989ல் தொடங்கிய ஃபயர் புரோ ரெஸ்லிங் என்னும் ஜப்பானிய வரிசை ஆட்டங்களின் வழி இது. அதை ஆடிப் பழகியவர்களுக்கு இயல்பாக இருந்தது. ரெஸல்ஃபெஸ்ட் என்று நம்பி வந்தவர்களுக்கோ முதல் ஒரு மணி நேரம் முழுக்க அடிதான். கணினி வீரன் ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பறித்துக்கொண்டே இருப்பான். கடினம், எரிச்சல், பழகிய கைக்கு இடமில்லை என்று ஒரு கூட்டம் எழுதியது. பழகினால்தான் சுவை என்று இன்னொரு கூட்டம் எழுதியது. இரண்டு கூட்டமும் சொன்னது ஒரே விஷயத்தைத்தான்.

நான் இரண்டாவது கூட்டம். ஏன் என்று சொல்கிறேன். கந்த சஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். யானைமுகம் போகும், சிங்கமுகம் போகும், சூரபத்மன் தன் முகத்தோடு வருவான், பிறகு மாமரம், பிறகு சேவல். முடிவு தெரியாதவர் அந்த மணலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் சூரன் முன்னே வந்து பின்னே போய், வேல் அவனை நெருங்கும் அந்த நொடியில் கூட்டம் மொத்தமும் மூச்சை அடக்குகிறது. அங்கே பக்தி வேறு, ரெஸ்லிங்கின் கேளிக்கை வேறு, இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். நான் சொல்வது அந்த நொடியைப் பற்றி மட்டும். முடிவு முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒரு சண்டையில் பார்க்கிறவனைக் கட்டிப்போடுவது பலமல்ல, தருணம். ரெஸ்லிங்கில் தூக்கப்படுகிறவனும் சேர்ந்து குதித்தால்தான் தூக்க முடியும். இருவர் மூச்சும் ஒன்றாக வர வேண்டும். பொத்தானைப் படபடவென்று அடிக்கும் ஆட்டம் அதைப் பலப்பரீட்சையாக ஆக்கியது. ஒரே ஒருமுறை அழுத்தச் சொல்லும் ஆட்டம் ரெஸ்லிங்கின் உள்ளுக்கு இன்னும் நெருக்கமாகப் போனது. செய்தவர்கள் விஷயம் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் அதைக் கற்றுக்கொடுக்க அவர்கள் போதிய பொறுமை காட்டவில்லை. இதில் முதல் கூட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் கடையில் வரிசையில் நின்றபடியே கற்றுக்கொண்டோம். முன்னால் ஆடுகிறவன் தோற்பதைப் பார்த்துக் கற்றோம். பின்னால் நின்ற அண்ணன் "இப்ப அமுக்குலே!" என்று காதுக்குள் கத்தியதில் கற்றோம். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு அந்த அண்ணன் கிடையாது. ஆட்டமே அந்த அண்ணனாக இருந்திருக்க வேண்டும்.

விலையும் இங்கேதான் உறுத்தியது. அமெரிக்காவில் 30 டாலர் வைத்தார்கள், அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்குப் பதினாறு ஆட்கள், ஒரு சிறிய கதை ஆட்டம், எட்டுப் பேர் மோதும் ரம்பிள், இன்னும் சில போட்டி வகைகள். ஒரே சனி ஞாயிறில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். காசுக்கு ஒரு தடவை என்று ஆடியபோது பத்து ஆட்கள் கடல்போலத் தெரிந்தார்கள். மொத்தமாகப் பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பதினாறு ஆட்கள் குளம்போலத் தெரிந்தார்கள். ஆர்கேட்டின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கி நின்ற காசை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் வேறு ஏதாவது வைத்தாக வேண்டும். 2020ல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 என்னும் தெருச்சண்டை ஆட்டம் அந்த இடத்தில் வைத்தது ஆட்டத்தின் ஆழத்தை: ஒரே தெருவைப் பத்து முறை ஆடினாலும் கைக்குப் புதிதாக ஏதோ கிடைத்தது. ரெட்ரோமேனியா பொத்தானின் தருணத்தை வைத்தது. அது ஆழமானதுதான், ஆனால் அந்த ஆழத்தை எட்டும்வரை ஆளைப் பிடித்து வைக்கும் பண்டம் போதவில்லை.

இதே நேரத்தில் நம் ஊர்ப் பையன்கள் என்ன ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேலப்பாளையம், நெல்லை டவுண், சங்கரன்கோவில் என்று எங்கு போனாலும் கைபேசியில் ரெஸ்லிங் ரெவல்யூஷன் இருந்தது. எம்டிக்கி என்ற பெயரில் இங்கிலாந்தில் தனியாளாக ஆட்டம் செய்கிறவருடைய வேலை அது. உருவங்கள் கரடுமுரடு, ஆட்கள் தற்செயலாகத் தீப்பிடிப்பார்கள், கை ஒடியும், ஆனால் இலவசம், அள்ள அள்ளக் குறையாத ஆட்கள், பேரையும் உடையையும் மாற்றி ரோமன் ரெய்ன்ஸை நாமே செய்துகொள்ளலாம். அந்தத் தாராளத்தில் வளர்ந்தவனிடம் பதினாறு பேரைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் வரைய எவ்வளவு உழைப்பு தெரியுமா என்று சொன்னால் எடுபடாது.

ஹாக் 2003லேயே காலமாகிவிட்டார். அனிமல் இந்த ஆட்டத்துக்குச் சம்மதித்தவர், ஆனால் அது வெளிவருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2020 செப்டம்பரில் இறந்தார். சில மாதங்களில் ஆட்டம் வந்தது. இதைப் பற்றி எழுதிய பலர் வேறு எல்லாக் குறையையும் சொல்லிவிட்டு, அந்த இருவரும் முள் கவசத்தோடு ரிங்குக்கு நடந்து வரும் காட்சியில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான்.

இணையவழியில் எதிராளி தேடி ஆடும் வசதி ரெட்ரோமேனியாவில் இல்லை. அதையும் பெரிய குறையாக எழுதினார்கள். வெளியூரில் தனியாக இருப்பவருக்கு அது குறைதான். எங்கள் வீட்டில் அது வேறு மாதிரி ஆனது. ஆனித் தேரோட்ட விடுமுறைக்கு எல்லாரும் டவுணில் கூடியிருந்தோம். தேர் நிலைக்கு வந்தபின் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி மகன் பொத்தானை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அமுக்கிக்கிட்டே தான இருக்கேன், ஒரு புடியும் விழ மாட்டேங்கு பெரியப்பா!"

"அவசரப்படாதலே. ரெண்டு பேரும் கட்டிப் புடிக்கிறதப் பாரு. அப்புறம் ஒரே ஒரு தடவ அமுக்கு."

நாலாவது தடவை விழுந்தது. அதற்குள் அவனுடைய தங்கையும் பெரியம்மா பேரனும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அவன் தோளில் முள் வைத்த சோடியிடம் போய் நின்றான்.

"இவங்க நல்லா இருக்காங்க. இவங்கள எடுக்கட்டா?"

"எடு," என்றேன்.